மொட்டைக் கடிதத்தின் மறுபிறப்பு

1879ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியாவில் அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. விலை கால் அணா. தபால்காரரும் அண்டை வீட்டாரும் படித்துவிடக் கூடிய திறந்த மடல் அது. ஆயினும் 'இப்படிக்கு' என்ற சொல்லுக்குக் கீழே எழுதியவரின் பெயர் நின்றது. செய்தி பொய்யானால் யாரைக் கேட்பது என்பது பெற்றவருக்குத் தெரியும். பெயரின்றி வந்த மடலையோ 'மொட்டைக் கடிதம்' என்று இகழ்ந்து, ஐயத்துடனேயே நாம் பிரித்தோம்.

2009இல் வாட்ஸ்அப் பிறந்தது. கடல் கடந்து சென்ற பிள்ளையின் குரல் நொடியில் இல்லம் வந்தது; சிதறிக் கிடந்த உறவினர் ஒரே குழுவில் கூடினர். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, படகு எங்கே தேவை, உணவு எங்கே கிடைக்கும் என்பதை முன்பின் அறியாதவர்கள் சமூக ஊடகங்கள் வழியே ஒருவருக்கொருவர் தெரிவித்தனர். முகமறியா மனிதர் மீது நம்பிக்கை வளர்ந்த நாள்கள் அவை.

மூன்றாண்டுகள்கூட முழுமையாகக் கடக்கவில்லை. 2018இல் 'பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்' என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியது. நாட்டின் பல பகுதிகளில் அதனுடன் சுற்றிய ஒரு காணொளி, உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடத்தப்பட்ட சிறுவன் திரும்ப விடப்படும் இறுதிக் காட்சியை யாரோ வெட்டியிருந்தனர். பிள்ளைகளைக் காக்க எடுத்த படமே கொலைக்குத் தூண்டுகோலாயிற்று.

அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குச் செல்ல உறவினருடன் காரில் வந்த, 60 வயதைக் கடந்த பெண் ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த அன்பே அவர் மீது குற்றச்சாட்டாயிற்று. திரண்ட கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், பிச்சை எடுத்துப் பிழைக்க வந்த நாடோடிச் சமூகத்தார் 5 பேர் அவ்வாறே மாண்டனர். வழிப்போக்கரைத் திண்ணையில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்த மண்ணில், அந்நியர் என்பதே அச்சத்துக்குரிய சொல்லாயிற்று.

இம்மாற்றத்திற்கு வேகம் மட்டுமே காரணமன்று. மொட்டைக் கடிதம் முகவரியற்ற அந்நியனாக வந்தது. ஆதலால் நாம் விழிப்பாயிருந்தோம். ஃபார்வர்டு செய்யப்படும் செய்தியோ அத்தையின் பெயரில், நண்பரின் பெயரில் வருகிறது. எழுதியவர் யாரென அவர்களும் அறியார். உறவின் மீது நாம் வைத்த நம்பிக்கை, உரிமையாளரற்ற சொல்லுக்குக் கடனாகப் போய்விடுகிறது.

2018 ஜூலையில் அந்நிறுவனம் இத்தகைய செய்திகளுக்கு அடையாளக் குறியிட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிடுவதாகவும் அறிவித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று. இவை பரவலைத் தணிக்கும் அணைகள். சொல்லுக்குப் பொறுப்பாளரை இவற்றால் தர இயலாது.

அப்பொறுப்பு அனுப்பும் விரலிடமே எஞ்சியுள்ளது. வந்த செய்தியை அடுத்தவருக்குத் தள்ளுமுன் நம்மை நாமே கேட்போம்: இதன் அடியில் 'இப்படிக்கு' என்றெழுதி, நம் பெயரையும் எழுதத் துணிவோமா?