எழுதுகோல் பெட்டியில் தொடங்கிய கைவேலை

பிள்ளைகளுக்குக் காகிதக்கூழ் வேலை சொல்லித்தரும்போது நான் முதலில் காஷ்மீரைப் பற்றித்தான் பேசுவேன். 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் மத்திய ஆசியாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள். எழுதுகோல் பெட்டிகளுக்குப் பூவேலை செய்வதில் தொடங்கியது இந்தத் தொழில். 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகள் காகிதக்கூழ்ப் பெட்டிகளில் பிரான்சுவரை போயின.

வேலை இருவர் கையில் நடக்கும். உருவம் செய்பவர் சக்தசாஸ். வண்ணம் தீட்டுபவர் நக்காஷ். பழைய காகிதத்தைச் சில நாள் ஊறவைத்து, கந்தல் துணியும் வைக்கோலும் சேர்த்துக் கல் உரலில் இடித்து, அரிசிப் பசையில் பிசைவார்கள். மர அச்சின்மேல் அப்பி, காய்ந்ததும் ரம்பத்தால் இரண்டாக அறுத்து, அச்சை எடுத்துவிட்டுப் பாதிகளை ஒட்டுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். எத்தனை பெரிய பூச்சாடியானாலும், கையில் எடுத்தால் கனமே தெரியாது! பிறகு ஜிப்சமும் பசையும் கலந்த பூச்சு, கல்லால் தேய்ப்பு. அதற்கப்புறமே நக்காஷின் தூரிகை.

பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. நம்மூர்ச் சுவரொட்டிப் பசையிலும் அது உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் தொடும் பசையில் நான் அதைச் சேர்ப்பதே இல்லை. கவிழ்த்து எண்ணெய் தடவிய கிண்ணமே அவர்களுக்கு அச்சு. அன்றன்றைக்குப் பசை காய்ச்சி, ஒவ்வொரு அடுக்கையும் வெயிலில் உலரவிட வேண்டும். ஈரத்தின்மேல் ஈரம் அப்பினால் உள்ளே பூசணம் பிடிக்கும்.