மெழுகு அடைத்த இரும்பு

ரயில்வே கட்டுமானப் பிரிவில்தான் என் சர்வீஸ் முழுவதும் கழிந்தது. ஜல்லி, செங்கல், ஸ்லீப்பர், கர்டர் என்று சைட்டுக்கு எது வந்தாலும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலையில் ஒரு பங்கு. அந்தக் கையெழுத்தின் மதிப்பு புரிய, ஸ்காட்லாந்தின் டே பாலத்தின் கதை தெரிந்தால் போதும்.

டண்டீ நகருக்கு அருகே, டே நதியின் முகத்துவாரத்தில், ஏறக்குறைய 2 மைல் நீளத்துக்குக் கட்டிய ரயில் பாலம் அது. வடிவமைத்தவர் தாமஸ் பௌச். 1878 ஜூன் 1-ல் திறந்தார்கள். மறு வருடம் விக்டோரியா மகாராணி அதன் மேல் பயணம் செய்தார். பௌச்சுக்கு 'சர்' பட்டமும் கொடுத்தார். அதே 1879-ல், டிசம்பர் 28 இரவு, புயல் காற்றில், நடுவில் உயரமாக இருந்த 13 கண்களும் ரயிலோடு ஆற்றில் விழுந்தன. போனவர்கள் சுமார் 75 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விசாரணையில்தான் குட்டு வெளிப்பட்டது. தூண்களுக்கான வார்ப்பிரும்புக் குழாய்களை, தென்கரையில் வார்மிட் என்ற இடத்தில் கான்ட்ராக்டரே பட்டறை போட்டு வார்த்தார். சில வார்ப்புகளில் காற்றுக்குமிழி ஓட்டைகள் விழுந்தன. அவற்றை உடைத்துப் போட்டு மறுபடி வார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதில் தேன்மெழுகு, பிசின், இரும்புத் தூள், விளக்குக் கரி எல்லாவற்றையும் உருக்கி ஓட்டையில் அடைத்து, கல்லால் தேய்த்துவிட்டார்கள். பார்வைக்கு அசல் இரும்பு! பட்டறைகளில் இதற்கு 'போமான்ட் முட்டை' என்று பெயர்.

குழாயின் கனமும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. குறுக்குக் கம்பிகளைப் பிடிக்கும் காதுகளில் போல்ட் துளைகளை ஒழுங்காகத் துளைக்காமல், வார்ப்பிலேயே விட்டிருந்தார்கள். அவை கூம்பாக இருந்ததால் போல்ட் ஓர் ஓரத்தில் மட்டுமே தாங்கியது.

செய்தவரே சரக்கையும் கொடுத்தார். பட்டறையில் நின்று ஒவ்வொரு வார்ப்பையும் பார்த்து, 'இது வேண்டாம்' என்று தள்ள பௌச்சின் சார்பில் சரியான ஆள் இல்லை. திறப்பதற்கு முன் அரசாங்க இன்ஸ்பெக்டர் மூன்று நாள் பார்வையிட்டார். என்ஜின்களை ஓட்டிச் சோதித்தார். பெயின்ட் அடித்த தூணுக்குள் மெழுகு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சரக்கு வந்த அன்று பார்க்காததைப் பிறகு பார்க்க முடியாது.

நியாயமாகச் சொன்னால், மெழுகு மட்டும் பாலத்தைத் தள்ளவில்லை. காற்றின் அழுத்தத்துக்கென்று பௌச் தனியாகக் கணக்கே வைக்கவில்லை. விசாரணை அறிக்கை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றையும் குறை சொன்னது. முக்கியப் பழி பௌச்சின் மேல் விழுந்தது. 1880 அக்டோபரில் அவர் இறந்தார்.

1887-ல் திறந்த புதிய பாலத்தின் பக்கத்தில், பழைய தூண்களின் அடிக்கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேல் தெரிகின்றன.

மண்பானையைக்கூடத் தட்டிப் பார்த்து வாங்கும் ஊர் நம்முடையது. சைட்டில் மட்டும், "லாரி காத்திருக்கு, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க சார்" என்பார்கள். காத்திருக்கட்டும்.