விண்டோஸ் ஹோம் சர்வரும் வீட்டு வழங்கிகளின் இயங்குதளத் தேர்வும்

வீட்டு வழங்கி என்பது ஒரு குடும்பத்தின் நிழற்படங்கள், காணொளிகள், ஆவணங்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேமித்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் வழங்கும் கணினி ஆகும். இதனை ஆங்கிலச் சொல்லாலேயே ஹோம் சர்வர் என்று அழைப்பவர்களே மிகுதி. பெரும்பாலும் திரையோ விசைப்பலகையோ இல்லாமல், அலமாரியின் ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அலுவலகங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த வழங்கி 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வீட்டுக்குள் வந்தது. இலக்கமுறை நிழற்படக் கருவிகள் பரவியதே இதற்கு முதன்மைக் காரணம். முன்பு காகிதத் தொகுப்பில் இருந்த திருமணப் படமும் குழந்தையின் முதல் படமும் வன்தட்டுக்கு இடம் மாறின. வன்தட்டு பழுதானால் அவற்றுக்கு மறுபடி இல்லை.

ஆகவே வீட்டு வழங்கியில் எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்பது வெறும் தொழில்நுட்ப விருப்பம் அன்று. அந்தத் தேர்வு எப்படியெல்லாம் சோதிக்கப்படலாம் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஹோம் சர்வர் நல்ல சான்று.

தோற்றம்

2007 சனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் பில் கேட்ஸ் இம்மென்பொருளை அறிவித்தார். அதே ஆண்டு சூலையில் பணி முடிந்து உற்பத்திக்கு அனுப்பப்பட்டது. விண்டோஸ் சர்வர் 2003ஐ அடிப்படையாகக் கொண்டு, அலுவலக நிர்வாகிக்குரிய சிக்கல்களை மறைத்து, இல்லத்தார் கையாளும் வகையில் அமைக்கப்பட்டது. எச்பி நிறுவனம் மீடியாஸ்மார்ட் என்ற பெயரில் இதனை முன்கூட்டியே நிறுவிய சிறு பெட்டிகளை விற்றது. மென்பொருளை மட்டும் வாங்கிப் பழைய கணினியில் நிறுவிக்கொண்டோரும் பலர். 1 கிகாஎர்ட்சு செயலியும் 512 மெகாபைட் நினைவகமும் போதும் என்பதால், ஒதுக்கி வைத்த கணினிக்கு மறுவாழ்வு கிடைத்தது.

வீட்டிலுள்ள பத்துக் கணினிகள் வரை நாள்தோறும் தானாகக் காப்புநகல் எடுப்பது இதன் முதல் சிறப்பு. ஒரே தரவு பல கணினிகளில் இருந்தால் அதனை ஒருமுறை மட்டுமே சேமிக்கும். ஐந்து கணினிகளிலும் ஒரே விண்டோஸ் இருக்கும் வீட்டில் இதனால் மிச்சமான இடம் கொஞ்சமன்று. ஒரு கணினியின் வன்தட்டு கெட்டுப்போனால், புதிய தட்டைப் பொருத்தி, குறுவட்டு ஒன்றின் மூலம் தொடக்கி, முந்தைய நாள் நிலைக்கே மீட்டுவிடலாம்.

டிரைவ் எக்ஸ்டெண்டர்

பயனர்கள் இதனிடம் மனம் கொடுத்ததற்குக் காரணமோ டிரைவ் எக்ஸ்டெண்டர் என்னும் கூறுதான். வெவ்வேறு நிறுவனத்தின், வெவ்வேறு கொள்ளளவு கொண்ட வன்தட்டுகளை அது ஒரே பெரிய சேமிப்பிடமாகக் காட்டியது. இடம் போதவில்லையா, இன்னொரு தட்டைச் செருகினால் போதும். ரெய்டு எனப்படும் வழக்கமான முறையில் தட்டுகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால்தான் முழுப் பயன் கிட்டும். இங்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முக்கியமான கோப்புறைக்கு மட்டும் 'இரட்டிப்பு' என்று குறித்துவிட்டால், அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் இரண்டு தட்டுகளில் எழுதப்படும். திரைப்படத்துக்கு ஒரு பிரதி, குடும்பப் படத்துக்கு இரண்டு பிரதி என்று வீட்டார் தாமே முடிவு செய்யலாம்.

இன்னொரு நன்மை அவ்வளவாகப் பேசப்படவில்லை. உண்மையில் அதுவே பெரியது. கோப்புகள் சாதாரண என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தன. வழங்கியே எரிந்துபோனாலும், தட்டைக் கழற்றி எந்த விண்டோஸ் கணினியில் இணைத்தாலும் கோப்புகளைப் படிக்கலாம்.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகள் கொண்ட வழங்கியில், சில செயலிகளைக் கொண்டு கோப்பை நேரடியாகத் திறந்து திருத்தினால் அக்கோப்பு சிதையக்கூடும் என்று 2007 திசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பாதுகாப்புக்கென வாங்கிய பெட்டியே கோப்பைக் கெடுக்கிறது என்றால் என்ன சொல்வது! கோப்பை முதலில் தம் கணினிக்குப் படியெடுத்துத் திருத்துமாறு பயனர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. 2008 சூலையில் வெளிவந்த பவர் பேக் 1 என்ற இற்றைப்படுத்தல்தான் இக்குறையை நீக்கியது. ஏறத்தாழ ஏழு மாதங்கள்.

2010 நவம்பர்

அடுத்த பதிப்பு 'வெய்ல்' என்ற குறியீட்டுப் பெயரில் உருவானது. இதில் டிரைவ் எக்ஸ்டெண்டர் முற்றிலும் மாற்றி எழுதப்பட்டது. கோப்பு கோப்பாக அன்றித் தரவுத் துண்டுகளாகப் பிரித்துத் தட்டுகளில் பரப்பும் முறை அது. பிழைதிருத்தும் வசதி கூடியது. ஆனால் தட்டைக் கழற்றி வேறு கணினியில் படிக்கும் வசதி போயிற்று. சோதனைப் பதிப்பு வெளியாகிப் பலர் பயன்படுத்திக்கொண்டிருந்த நிலையில், 2010 நவம்பர் 23 அன்று டிரைவ் எக்ஸ்டெண்டரையே நீக்கிவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பெரிய வன்தட்டுகள் மலிவாகிவிட்டன என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தட்டு மலிந்தால் ஒரே தட்டை நம்பலாம் என்று பொருளாகுமா? பயனர்கள் இதனை ஏற்கவில்லை. எதிர்ப்புக் கையொப்பங்கள் திரண்டன. முடிவு மாறவில்லை. சில நாட்களிலேயே எச்பியும் மீடியாஸ்மார்ட் வரிசையைக் கைவிட்டது.

2011 ஏப்ரலில் விண்டோஸ் ஹோம் சர்வர் 2011 வெளிவந்தது. அது 64-பிட் செயலியில் மட்டும் இயங்கியது. பழைய பதிப்பு 32-பிட் என்பதால் அதன்மேலேயே மேம்படுத்தும் வழி இல்லை. எல்லாக் கோப்புகளையும் வேறிடத்துக்கு மாற்றி, தட்டைத் துடைத்து, புதிதாக நிறுவி, மீண்டும் கொண்டுவர வேண்டும். எப்படியும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்றால், வேறு வீடு பார்க்கலாமே என்று பலர் எண்ணியது இயல்பே. 2012 சூலையில் இவ்வரிசைக்கு இனிப் பதிப்பு இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பரிந்துரைக்கப்பட்ட மாற்றான விண்டோஸ் சர்வர் 2012 எசென்சியல்ஸின் அறிவிக்கப்பட்ட விலை 425 டாலர். வீட்டாருக்கு அது எட்டாத விலை. 2011 பதிப்புக்கான முதன்மை ஆதரவு 2016 ஏப்ரலில் நின்றது.

மாற்று இயங்குதளங்கள்

வெளியேறியோர் முன் சில வழிகள் இருந்தன. வெவ்வேறு அளவுத் தட்டுகளைச் சேர்க்க விரும்பியோருக்கு, கட்டண மென்பொருளான அன்ரெய்டு பழைய வசதியை ஓரளவு நினைவூட்டியது. கட்டற்ற மென்பொருள்களுள் பெயர்பெற்றது ஃப்ரீநாஸ். பிரான்சைச் சேர்ந்த ஒலிவியே கொஷார்-லாபே 2005இல் ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையில் இதனைத் தொடங்கினார். 2009இல் இதன் உருவாக்குநர்களுள் ஒருவரான வோல்கர் டைலே, இதனை டெபியன் லினக்சு அடிப்படையில் மாற்றி எழுத விரும்பினார். ஃப்ரீபிஎஸ்டியிலேயே தொடரவேண்டும் என்று முன்வந்த ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் ஃப்ரீநாஸை ஏற்றுக்கொள்ள, டைலேயின் முயற்சி ஓப்பன்மீடியாவால்ட் என்ற தனி இயங்குதளமாக 2011இல் வெளிவந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ரீநாஸ் 2020இல் ட்ரூநாஸ் எனப் பெயர் மாறியது; 2022இல் வெளியான ட்ரூநாஸ் ஸ்கேல் டெபியன் அடிப்படையிலேயே அமைந்தது.

கட்டற்ற மென்பொருள் என்றால் ஏமாற்றமே இராது என்பதும் இல்லை. 2017 மார்ச்சில் ஃப்ரீநாஸ் கோரல் என்ற புதிய பதிப்பு நிலையான வெளியீடாக அறிவிக்கப்பட்டு, அடுத்த மாதமே வெறும் தொழில்நுட்ப முன்னோட்டம் என்று இறக்கப்பட்டது. நம்பி நிறுவியோர் பழைய பதிப்புக்குத் திரும்ப நேர்ந்தது. சென்ட்ஓஎஸ் லினக்சு 8க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என எதிர்பார்க்கப்பட்டது; 2020 திசம்பரில் ரெட் ஹேட் நிறுவனம் அதனை 2021 இறுதியோடு முடித்துக்கொண்டது. எனினும் மூலநிரல் திறந்திருந்ததால், சில மாதங்களிலேயே அல்மாலினக்சு, ராக்கி லினக்சு ஆகிய இரு வழித்தோன்றல்கள் கிடைத்தன. விண்டோஸ் ஹோம் சர்வருக்கு அத்தகைய வாரிசு பிறக்க வழியே இல்லை.

நிறுவும் முறை

இந்த அனுபவங்களுக்குப் பின் வீட்டு வழங்கியை அமைப்போரிடையே சில நடைமுறைகள் நிலைபெற்றன. இயங்குதளத்தைச் சிறிய தனித் தட்டில் நிறுவுவது. தரவுத் தட்டுகளை அதனுடன் கலவாதிருப்பது. அப்படி இருந்தால் பின்னாளில் இயங்குதளத்தை மட்டும் மாற்றலாம். விண்டோஸ் ஹோம் சர்வரின் முதல் பதிப்பு இதற்கு நேர்மாறானது: முதன்மைத் தட்டில் 20 கிகாபைட்டை அமைப்புக்கு ஒதுக்கி, எஞ்சியதைத் தரவுக்குக் கொடுத்தது.

நிறுவுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வெளிவன்தட்டுக்குப் படியெடுத்து, அப்படியிலிருந்து சிலவற்றைத் திறந்து பார்ப்பது முதல் வேலை. பின்னர் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, வெளியீட்டாளர் தந்துள்ள சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிட்டு, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்குவர். நிறுவும் நேரத்தில் தரவுத் தட்டுகளின் கம்பியைக் கழற்றி வைப்பவர்களும் உண்டு. பட்டியலில் தவறான தட்டைத் தெரிவு செய்துவிட்டால் நிறுவி அதனைத் துடைத்துவிடும் என்பதால், இதனை மிகை அச்சம் என்று ஒதுக்க முடியாது. நிறுவியபின் வழங்கிக்கு மாறாத உள்ளக முகவரி கொடுத்து, கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா மென்பொருளையும் தொலைவிலிருந்து இயக்க எஸ்எஸ்எச் வசதியையும் அமைத்தால், திரையையும் விசைப்பலகையையும் எடுத்துவிடலாம்.

டெபியனின் நிறுவியைத் தமிழிலும் இயக்கலாம். 2007இல் வெளியான எட்ச் பதிப்பில் வரைகலை நிறுவி சேர்க்கப்பட்டபோது, அதன் வழியே நிறுவத்தக்க மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் இடம்பெற்றது. எழுத்துவடிவ நிறுவியால் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்ட இயலாது என்பதால், தமிழில் நிறுவ விரும்புவோர் வரைகலை முறையையே தெரிவு செய்யவேண்டும்.