காந்தி புரட்டிய படப் புத்தகம்

நம்ம செட்டில் ஓவியம் வரையும் நண்பனை உங்களுக்கெல்லாம் தெரியும். தன் படங்களைப் புத்தகமா அச்சடிச்சு கேலரிகளில் காட்டணும்னு என்கிட்ட வந்தான். "செல்லுல காட்டினா ஆகாதாடா?" என்றேன். சொன்ன பிறகுதான் கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஞாபகம் வந்தது.

1948 ஜனவரி 30. தில்லி பிர்லா மாளிகையில் காந்தியைப் பார்க்கப் போன இந்தப் பிரெஞ்சு புகைப்படக்காரர், தன் படங்கள் அடங்கிய புத்தகத்தைத்தான் அவர் கையில் கொடுத்தார். 1947 நியூயார்க் கண்காட்சிக்காக வந்த புத்தகம் அது. காந்தி பக்கம் பக்கமாக நிதானமாய்ப் புரட்டினார். கவிஞர் கிளோதெல் சவ வண்டியைப் பார்க்கும் படம் வந்ததும் நிறுத்தி அர்த்தம் கேட்டாராம். அன்று மாலையே சுட்டுவிட்டார்கள்.

அதே மனிதர் 1950 ஏப்ரலில், பிரெஞ்சு ஆட்சி நடந்த நம்ம ஊருக்கு வந்தார். வருஷத்துக்கு நாலே நாள் தரிசனம் தந்த அரவிந்தரைப் படமெடுக்க அனுமதி கிடைத்தது. டிசம்பர் 5-ல் அரவிந்தர் மறைந்தார்.

1952-ல் பாரிஸில் தெரியாத் வெளியிட்ட அவருடைய பெரிய புத்தகத்தில் 126 படங்கள். அட்டை ஓவியம் மத்தீஸ். இருபது வருஷ உழைப்பிலிருந்து பொறுக்கியது அவ்வளவுதான்!

நம்ம ஆளோ தொண்ணூறு ஓவியத்தையும் போடணும்னு அடம். நாற்பதுக்கு இறக்குவதற்குள் நட்பே போயிருக்கும். திரையில் பளிச்சென்றிருந்த நீலம் நாலு கலர் அச்சில் மங்கிப்போச்சு; ப்ரூஃப் பார்க்காதது என் தப்பு. இப்போ மறுபடி அடிச்சிருக்கோம். கூட்டத்தன்று வரவேற்பு மேசையில் இருக்கும், புரட்டிப் பாருங்க.