96 இடங்களும் முழு அமைச்சரவையும்: 2006 தமிழகச் சட்டமன்றத்தின் கூட்டணிக் கணக்கு

2006 மே மாதம் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வந்தபோது, 234 இடங்களில் திமுகவுக்குக் கிடைத்தவை 96. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். தோழமைக் கட்சிகளான காங்கிரஸின் 34, பாமகவின் 18, மார்க்சிஸ்டுகளின் 9, இந்தியக் கம்யூனிஸ்டுகளின் 6 இடங்களையும் சேர்த்தால் அணியின் பலம் 163. இத்தனை பேரின் தயவு தேவைப்பட்ட நிலையிலும், மே 13 அன்று கருணாநிதி தலைமையில் பதவியேற்ற அமைச்சரவையில் திமுகவினரைத் தவிர வேறு கட்சியினர் ஒருவரும் இல்லை. ‘மைனாரிட்டி அரசு’ என்று அதிமுகவின் ஜெயலலிதா ஓயாமல் சாடினார். அரசு தன் முழுக் காலத்தையும் முடித்தது. தலைவரின் சாமர்த்தியம், காங்கிரஸ் மேலிடத்தின் அக்கறையின்மை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. ஒரு கட்சிக்குக் கிடைக்கும் பங்கைத் தீர்மானிப்பதில் அது கொண்டுவரும் இடங்களைவிட, அது விலகினால் அந்த வெற்றிடத்தை மற்றவர்கள் நிரப்பிவிட முடியுமா என்பதே முக்கியம் என்பது என் வாதம்.

கூட்டுறவு ஆட்டக் கோட்பாட்டின் இரு கருவிகளை இங்கே பொருத்திப் பார்க்கலாம். லாயிட் ஷேப்லி 1953இல் முன்வைத்த மதிப்பு, ஒவ்வொருவரின் சராசரிப் பங்களிப்பை அளக்கிறது. ஐந்து கட்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதாகக் கொண்டால் 120 வரிசைகள் சாத்தியம். எந்தக் கட்சி சேர்ந்ததும் 118 எட்டப்படுகிறதோ, அந்த வரிசை அதன் கணக்கில் சேரும். எண்ணிப் பார்த்தால் திமுகவுக்கு 74, காங்கிரஸுக்கு 24, பாமகவுக்கு 14, இடதுசாரிகள் இருவருக்கும் தலா 4. ஒன்பது இடங்களும் ஆறு இடங்களும் ஒரே வலிமை பெறுவதைக் கவனிக்க வேண்டும்: திமுகவும் பாமகவும் சேர்ந்தால் 114, மிச்சம் தேவைப்படும் நான்கை இரு கம்யூனிஸ்டுக் கட்சிகளில் எது வேண்டுமானாலும் தந்துவிடும். ஆனால் இந்த மதிப்பின்படி திமுகவுக்குச் சேர வேண்டியது 62 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நடந்ததோ நூறு விழுக்காடு. நியாயமான பங்கீடு எது என்பதற்கு ஷேப்லி மதிப்பு நல்ல விடை; பேரம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது விடையாகாது. அதற்கு ‘உட்கரு’ என்ற கருத்து வேண்டும்: எந்த உட்குழுவும் தனியாகப் பிரிந்து சென்று தன் உறுப்பினர் அனைவருக்கும் கூடுதலாகப் பெற்றுக்கொள்ள முடியாத பங்கீடுகளின் தொகுதி அது. காங்கிரஸுக்குச் சில துறைகள் ஒதுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். திமுக, பாமக, இடதுசாரிகள் நால்வருமாகச் சேர்ந்தால் 129. காங்கிரஸை விட்டுவிட்டு அந்தத் துறைகளைத் தமக்குள் பிரித்துக்கொள்ளலாம். பாமகவுக்கோ இடதுசாரிகளுக்கோ ஒதுக்கினால், திமுகவும் காங்கிரஸும் மட்டுமே 130. அவர்கள் அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இந்த ஆட்டத்தின் உட்கருவில் ஒரே ஒரு பங்கீடுதான் உண்டு: அனைத்தும் திமுகவுக்கு. மாற்ற முடியாத கட்சி அது ஒன்றுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதிமுகவின் 61 இடங்களைக் கணக்கிலிருந்து நீக்கியது ஏன்? அதிமுக, காங்கிரஸ், பாமக, மார்க்சிஸ்டுகள் சேர்ந்தால் 122. அப்படியானால் திமுகவும் தவிர்க்க முடியாத கட்சியல்ல. தடுப்பதிகாரம் உள்ளவர், அதாவது அவரில்லாமல் எந்தக் கூட்டணியும் வெல்ல முடியாதவர், எவரும் இல்லாத ஆட்டத்தில் உட்கருவே வெறுமையாகிவிடும். எண்கணிதமாக இது முற்றிலும் சரி. ஆனால் எந்தக் கூட்டணி சாத்தியம் என்பதை எண்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. திமுகவின் நான்கு தோழமைக் கட்சிகளும் அதிமுக ஆட்சியை அகற்றுவோம் என்று சொல்லி வாக்குக் கேட்டு வென்றவை. மறுநாளே அதிமுகவோடு அமர்வது வாக்காளர் முன் தற்கொலைக்குச் சமம். தேர்தலுக்கு முந்தைய உடன்பாடு இப்படிச் சில கதவுகளை அடைத்துவிடுகிறது. அடைபட்ட கதவுகளே திமுகவுக்குத் தடுப்பதிகாரத்தைக் கொடுத்தன. வில்லியம் ரைக்கர் 1962இல் சொன்ன, தேவைக்கு மிஞ்சாத வெற்றிக் கூட்டணி இங்கே அமையாததற்கும் இதிலேயே விளக்கம் கிடைக்கிறது. பங்கு கேட்காத ஆதரவைத் திருப்பி அனுப்ப யாருக்கும் காரணம் இல்லை.

இரண்டாவது மறுப்புக்கு இவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. 2008இல் பாமக வெளியேற்றப்பட்டது. 2009 மக்களவைத் தேர்தலுக்குள் பாமகவும் இடதுசாரிகளும் அதிமுக அணிக்குப் போய்விட்டனர். இடைத்தேர்தல்களும் திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மை தரவில்லை. காங்கிரஸ் அப்போது மாற்ற முடியாத கட்சி. ஆனாலும் மாநிலத்தில் அதற்கு ஓர் அமைச்சர்கூடக் கிடைக்கவில்லை. இருவருக்கும் தடுப்பதிகாரம் இருக்கும்போது, அவர்களுக்கிடையே எந்தப் பங்கீடும் உட்கருவுக்குள் அடங்கும்; எது என்று கோட்பாடு சொல்லாது. அதைச் சொல்வது டெல்லி. 2004இல் திமுக வென்ற 16 மக்களவை இடங்கள் மன்மோகன் சிங் அரசுக்குத் தேவைப்பட்டன. அங்கே திமுக அமைச்சரவையில் இருந்தது. பாமகவின் அன்புமணி அங்கே சுகாதார அமைச்சராக இருந்ததால், அக்கட்சியும் தன் பங்கை அங்கேயே பெற்றது என்றுதான் கொள்ள வேண்டும். சென்னையையும் டெல்லியையும் இரு தனி ஆட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால், காங்கிரஸின் பொறுமை புரியாத புதிராகவே இருக்கும். 2011 மார்ச்சில் இந்தப் பிணைப்பு வெளிப்படையாகவே தெரிந்தது. சட்டமன்றத் தேர்தலுக்குக் காங்கிரஸ் 63 தொகுதிகள் கேட்டது. திமுக மத்திய அமைச்சரவையிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. பின்பு 63க்கே இணங்கியது. 2006இல் காங்கிரஸ் போட்டியிட்டது 48 இடங்களில். இந்த உயர்வுக்கு 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தில் திமுக சிக்கியிருந்ததும் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அணிக்குத் திரும்பிவிட்ட பாமகவோடு இடதுசாரிகளும் இருந்திருந்தால், அதே நெருக்கடியிலும் திமுகவுக்குச் சென்னையில் மாற்று வழி ஒன்று எஞ்சியிருக்கும். காங்கிரஸின் கோரிக்கை அந்த அளவுக்கு உறுதியாக நின்றிருக்காது.