காவிரிப் படுகையின் யதீம்கானாக்கள்

தந்தையை இழந்த சிறுவர் சிறுமியரைத் தங்கவைத்து, உணவும் உடையும் கல்வியும் தந்து ஆளாக்கும் இஸ்லாமிய அறநிலையம் யதீம்கானா எனப்படும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஊர் ஜமாஅத்துகள், மதரஸாக்கள், குடும்ப அறக்கட்டளைகள் எனப் பல தரப்பினர் இவற்றை நடத்திவருகின்றனர். தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் போன்ற மாநில அமைப்புகள் சிறுவர் இல்லங்களோடு முதியோர் இல்லங்களையும் நடத்துகின்றன. நெல் விளையும் நாடு என்பதால் இவ்வில்லங்களில் அடுப்பு அணைவது அரிது. குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது: பயிற்சி பெற்ற காப்பாளர், ஆற்றுப்படுத்துநர், இரவில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இது ஏன் இப்படி ஆனது என்பதற்கான விடை இவ்வில்லங்களுக்குப் பணமும் தானியமும் வந்து சேரும் வழிகளில் இருக்கிறது.

சமய அடிப்படை

இஸ்லாமியச் சட்டப்படி, பருவமெய்தும் முன் தந்தையை இழந்த பிள்ளை யதீம். தாய் உயிரோடு இருந்தாலும் அப்படியே. ஆகவே யதீம்கானாவில் வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருக்கிறார். வாடகை வீட்டிலோ அண்ணன் தம்பி வீட்டிலோ ஒண்டிக்கொண்டு, மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ‘அநாதை’ என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தத் தாய்மார் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள்.

நபிகள் நாயகம் பிறக்குமுன் தந்தையையும், ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் வளர்த்த பாட்டனாரையும் இழந்தவர். பின்னர் பெரிய தந்தை அபூதாலிப் வீட்டில் வளர்ந்தார். யதீம்களை ஆதரிப்பது முஸ்லிம் சமூகத்தில் முதன்மையான அறமாகக் கருதப்படுவதற்கு இந்த வாழ்க்கை ஒரு காரணம். யதீமின் சொத்தைத் தொடுவதைக் குர்ஆன் கடுமையாக எச்சரிக்கிறது. வளர்க்கும் பிள்ளைக்கு வளர்த்தவர் பெயரைத் தந்தை பெயராகச் சூட்டுவதையும் அது ஏற்பதில்லை. பொறுப்பேற்று வளர்க்கலாம், வம்சத்தை மாற்றக்கூடாது. தத்தெடுப்பு இல்லாத இடத்தில் பொது இல்லத்தின் தேவை கூடியது. 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், விரும்பும் எவரும் எம்மதத்தவராயினும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் மார்க்கப் பற்றுள்ள குடும்பங்கள் பலவும் பழைய முறையிலேயே நிற்கின்றன.

தஞ்சையில் முன்னோடிகள்

தங்கவைத்துக் காக்கும் அறம் இந்த மண்ணுக்குப் பழையது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய கிறித்தவ மறைப்பணியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டி உறையுளோடு கூடிய பள்ளிகள் இருந்தன. மராட்டிய அரசர்களின் சத்திரங்கள் அதைவிடப் பரந்தவை. இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் சத்திரங்களின் அன்றாடத்தை நுணுக்கமாக விவரிக்கிறது. வழியில் இறந்துபோன அயலூராரின் பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டனர். நாளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணி, நோய் வந்தால் மருந்து, விரும்பிய துறையில் படிப்பு, முடிந்தபின் திருமணச் செலவு வரை சத்திரமே ஏற்றது. பாம்புக் கடிக்கும் வீக்கத்துக்கும் மருத்துவர் இருந்தனர். கருவுற்ற பெண்கள் தங்கிப் பேறு பார்த்துக்கொள்ள வசதி இருந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தப் பட்டியலை இன்றைய காப்பக விதிகளோடு ஒப்பிட்டால், எண்ணெய்க் குளியல் நாள்வரை குறித்துவைத்த அக்கறை வியப்பளிக்கிறது. அடுத்த ஆண்டு, 1802-இல், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. பிற்காலத்தில் சத்திரங்களின் மாணவர் விடுதிகள் ஒரு சாராருக்கே உரியவையாகச் சுருங்கின. ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளைப் பிறருக்கும் திறந்துவிட்டார்.

நாகூர் தர்காவும் இதே அரச மரபின் ஆதரவைப் பெற்றது. அதன் மினாராக்களில் மிக உயர்ந்த 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மன்னர் பிரதாப சிங். தர்காவில் மாதக்கணக்கில் தங்கும் நோயாளிகளுக்கும் வறியவர்களுக்கும் உணவளிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். யதீம்கானா என்ற தனி அமைப்பு இதற்குப் பிந்தியது.

வடக்கிலிருந்து வந்த மாதிரி

பதிவேடும் நிர்வாகக் குழுவும் ஆண்டறிக்கையும் கொண்ட யதீம்கானா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட இந்தியாவில் உருப்பெற்றது. பஞ்சகாலங்களில் கைவிடப்பட்ட பிள்ளைகளை மறைப்பணியாளர்கள் ஏற்று வளர்த்ததைக் கண்டு, தம் பிள்ளைகளைத் தாமே காக்க வேண்டும் என்ற எண்ணம் முஸ்லிம்களிடமும் இந்துக்களிடமும் எழுந்தது. 1884-இல் லாகூரில் தோன்றிய அஞ்சுமனே ஹிமாயத்தே இஸ்லாம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வீடுவீடாகப் பிடி மாவு திரட்டித் தொடங்கிய இந்தச் சங்கத்தின் 1900-ஆம் ஆண்டுக் கூட்டத்தில்தான் இளைஞரான கவிஞர் இக்பால் யதீமின் புலம்பலைக் கவிதையாகப் படித்தார். அதே பெயரிலான சங்கம் சென்னை தியாகராய நகரில் அநாதை இல்லம் நடத்திவருகிறது.

கேரளத்தில் யதீம்கானாக்கள் பேரிடர்களின் பின்விளைவு. 1921 மலபார்க் கிளர்ச்சியில் தந்தையரை இழந்த பிள்ளைகளுக்காக, பஞ்சாபிலிருந்து வந்த அப்துல் காதிர் கசூரியின் முயற்சியால் 1922-இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் இல்லம் பிறந்தது. 1943-இல் காலராவும் பஞ்சமும் திரூரங்காடி இல்லத்தைத் தோற்றுவித்தன. அவை பின்னர் பள்ளி, கல்லூரி எனப் பெரிய வளாகங்களாயின. காவிரிப் படுகையில் அப்படி நடக்கவில்லை. இங்கே யதீம் பிள்ளைகள் பெரும்பாலும் மதரஸாவின் ஒரு மூலையில், ஹஜ்ரத் எனும் மார்க்க ஆசிரியரின் கண்பார்வையில், ஓதும் பிள்ளைகளோடு ஒருவராக வளர்ந்தனர். தனிக் கட்டடமும் தனிப் பெயர்ப் பலகையும் பின்னரே வந்தன.

கடல் கடந்த தந்தையர்

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி, பண்டாரவாடை, நீடூர், நாகூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆண்கள் பர்மாவிலோ மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிழைத்த கதை உண்டு. அவர்களைச் சபுராளி என்பர். கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் மலாயா இருந்தபோது கடிதமும் பணமும் நின்றன. சயாம் மரண ரயில்பாதைப் பணிக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1960-களில் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது வெறுங்கையோடு வந்தவர்கள் ஏராளம். 1985-இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தபின் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஓடிய பயணியர் கப்பலும் நின்றது. அதற்குள் வளைகுடா நாடுகள் புதிய திசையாகியிருந்தன.

யதீம்களை உருவாக்கியதும் இந்தப் பயணம்தான். அவர்களைக் காத்ததும் இதே பயணத்தின் பணம்தான். பள்ளிவாசலும் மதரஸாவும் இல்லமும் கட்டியது சபுராளிகளின் சம்பாத்தியம்.

நெல், பித்ரா, தோல்

தானியத்துக்கான ஜகாத் எனும் கட்டாய அறக்கொடையின் விகிதத்தைத் தண்ணீர் முடிவு செய்கிறது. மழையாலோ தானே பாயும் ஆற்றுநீராலோ விளைந்தால் பத்தில் ஒன்று. செலவு செய்து இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் ஏழரை விழுக்காடு. மேட்டூர் அணை 1934-இல் கட்டிமுடிந்தபின் ஜூன் 12-இல் திறப்பது வழக்கமாகி, குறுவைக்கும் சம்பாவுக்கும் வாய்க்கால் நீர் கிடைத்தவரை கணக்கு எளிது. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராமல் பம்புசெட்டை நம்பும் ஆண்டுகளில், எந்த விகிதம் என்று கேட்டு விவசாயி ஹஜ்ரத்திடம் போகிறார். காவிரி நீர்ப் பங்கீட்டு வழக்கின் ஏற்ற இறக்கம் யதீம்கானாவின் நெல்மூட்டை எண்ணிக்கை வரை எட்டுவது இப்படித்தான்.

நோன்புப் பெருநாளுக்கு முன் தரப்படும் பித்ராவிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கடலோர மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாபி சட்ட வழியினர். ஊரின் முதன்மை உணவான அரிசியை ஆளுக்கு ஒரு ஸாவு, ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ, தானியமாகவே தருவர். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். அரை ஸாவு கோதுமை அல்லது அதன் விலை. எனவே கடலோர ஊர்களின் இல்லத்துக்கு மூட்டையும் உள்நாட்டு இல்லத்துக்குப் பணமும் மிகுதியாக வரும். வீடுவீடாகச் சேர்ந்த பித்ரா மூட்டையைப் பிரித்தால் பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒரே உலையில் போட்டால் ஒன்று குழையும், இன்னொன்று விறைத்து நிற்கும். அனுபவப்பட்ட சமையற்காரர் அதைச் சோறாக வடிக்காமல் கஞ்சிக்கோ இடியாப்ப மாவுக்கோ ஒதுக்கிவிடுவார்.

மூன்றாவது வரவு, தியாகப் பெருநாளில் அறுக்கும் ஆட்டின் தோல். அதை மதரஸாவுக்கும் யதீம்கானாவுக்கும் தருவது நெடுநாள் வழக்கம். தோல் ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பதனிடும் ஆலைகளுக்குப் போகும். சென்ற பத்தாண்டுகளில் விலை படுவீழ்ச்சி அடைந்து, சேகரிக்கும் வண்டி வாடகைக்கே கட்டாத நிலை பல ஊர்களில் வந்தது.

சட்ட நுணுக்கம் ஒன்று இவ்வில்லங்களின் உருவத்தையே தீர்மானித்தது. ஜகாத் தகுதியுள்ள ஏழையின் உடைமையாகச் சேர வேண்டும் என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலைப்பாடு. அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் சோறு போடலாம், சட்டை தைக்கலாம், புத்தகம் வாங்கலாம். சுவர் எழுப்பவோ வார்டனுக்குச் சம்பளம் தரவோ கூடாது. அவற்றுக்குச் சதக்கா எனும் பொது நன்கொடை தனியே வர வேண்டும். ரமலானில் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி ஜகாத். விளைவு, பெருநாளுக்கு மூன்று சட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கு மனம் விட்டுப் பேச ஆள் இல்லை. நன்கொடையாளர்கள் இதை உணர்ந்து, சம்பளத்துக்கென்றே ஒரு தொகை ஒதுக்குவது இல்லத்துக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி. ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பெயர் எழுதிக்கொடுக்க வரிசை இருக்கிறது. ஆற்றுப்படுத்துநரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு இல்லை.

அன்றாடம்

அதிகாலை பஜ்ரு பாங்குக்கு எழுந்திருத்தல், தொழுகை, குர்ஆன் ஓதல், காலை உணவு, பக்கத்து அரசுப் பள்ளி அல்லது உதவி பெறும் பள்ளி, மாலையில் விளையாட்டு, மஃரிபுக்குப் பின் வீட்டுப்பாடம், இஷாவுக்குப் பின் உறக்கம்: பெரும்பாலான இல்லங்களில் நாள் இப்படி ஓடுகிறது. பிள்ளைகளை வெளிப்பள்ளிக்கு அனுப்புவது நல்ல மாற்றம். இல்லத்துக்குள்ளேயே ஓதி வளர்ந்த முந்தைய தலைமுறைக்கு வெளி நட்பே கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு நிஸ்வான் மதரஸாக்கள் பெருகின. தையலும் கணினியும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. பருவமெய்திய பின் யதீம் என்ற நிலை மார்க்கப்படி முடிகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பையனை வெளியே அனுப்ப எந்த இல்லத்துக்கும் மனம் வராது. 18 வயது வரை வைத்திருக்கச் சட்டமும் இடம் தருகிறது. அதன்பின் உயர்கல்விக்குத் திருச்சி ஜமால் முகமது (1951), அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் (1955) போன்ற கல்லூரிகள் அருகில் இருப்பது இப்பகுதியின் வாய்ப்பு.

ஏர்வாடி, கும்பகோணம், நாகை

காப்பகங்கள் பற்றிய பார்வையை மாற்றிய நிகழ்ச்சிகள் மூன்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பிக்க முடியாமல் வெந்தனர். இறந்தோர் 28 பேர். தமிழக முஸ்லிம்களின் அற உணர்வை இதைப்போல் உலுக்கிய நிகழ்ச்சி வேறில்லை எனலாம். காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானே வழக்கெடுத்தது. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் தரும் ‘தவா–துவா’ திட்டத்தை அரசு பின்னர் தொடங்கியது.

2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய நெருப்பு அது. அதன்பின் படுகை முழுவதும் பிள்ளைகள் தங்கும் கட்டடங்களில் கீற்று இறங்கி, அடுப்படி தனியே போனது. அதே ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இஸ்லாமிய அமைப்புகளின் தொண்டர்கள் மத வேறுபாடின்றிச் சடலங்களை மீட்டு அடக்கம் செய்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளை அரசே ஏற்று, நாகையில் அன்னை சத்யா இல்லத்தில் வளர்த்தது. குழந்தைகளின் முதல் பொறுப்பு அரசுடையது என்ற கருத்து இங்கே உறுதிப்பட்டது.

சட்டமும் தாயும்

தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்த வழக்கில் 2017 மே 5-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவ்வாண்டு இறுதிக்குள் எல்லாக் காப்பகங்களும் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்கீழ் பதிய வேண்டும் என்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம், குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, ஆலோசனைப் பெட்டி என வேலை கூடியது. அறம் செய்ய அரசு அனுமதியா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் யதீமின் சொத்தில் ஒரு காசும் தவறக்கூடாது என்று சொல்லும் மார்க்கத்துக்குக் கணக்கும் சோதனையும் அந்நியமானவை அல்ல.

இதே சட்டம் காப்பகத்தைக் கடைசி வழி என்கிறது. பிள்ளை குடும்பத்தில் வளர்வதே முதன்மை. 2022 முதல் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. கணவனை இழந்த, கைவிடப்பட்ட முஸ்லிம் பெண்களுக்கு மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் தையல் இயந்திரமும் தொழில் உதவியும் தருகின்றன; சங்கம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் சேர்க்கிறது. ஜமாஅத்துகள் சிலவும் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதற்குப் பதில் தாயின் கையில் மாதந்தோறும் ஜகாத்தைத் தருகின்றன. ஏழையின் உடைமையாக வேண்டும் என்ற நிபந்தனைக்கும் இது நேராகப் பொருந்துகிறது.

முதியோர் இல்லங்களின் கதை சிறுவர் இல்லங்களின் கதைக்கு மறுபக்கம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் அத்தாவும் அம்மாவும் இப்பகுதியில் பலர். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வலியுறுத்துகிறது. ஆகவே பிள்ளைகளே இல்லாதவர், கைவிடப்பட்டவர் ஆகியோருக்குத்தான் இல்லம் முதலில் இடம் தருகிறது. இங்கே தேவை சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வேளை தவறாமல் தருவது, நாற்காலியில் அமர்ந்து தொழ ஏற்பாடு, படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் செவிலி. எல்லாமே ஆள் செய்யும் வேலைகள். சிறுவர் இல்லத்தில் ஜகாத் போய்ச் சேராத அதே சம்பளப் பட்டியல்தான் இங்கேயும் முதல் செலவு.