பத்து தீகா பந்தயத் திடல்

மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி இப்பகுதியில் ஒரு கட்டுரை எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பை உண்டாக்கலாம். கூலி, கல்வி, கள்ளுக்கடை, சாதி வழக்கம் என்று பேசிவரும் பத்திரிகையில் பணம் படைத்தோரின் பொழுதுபோக்குக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், அப்பந்தயங்கள் நடந்த இடம் நம்மவர் காடழித்துத் திருத்திய வட்டாரத்தில் இருந்தது. அது தோன்றியதும் மறைந்ததும் நம்மைக் கேளாமலே நடந்தன. ஆகவே அதன் சரித்திரத்தை நாமும் ஒருமுறை எழுதி வைப்பது தகும்.

2017ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சிப்பாங் திடலில் கடைசி பார்முலா ஒன் பந்தயம் நடந்து முடிந்தது. அன்று முதல் அத்திடலின் கதி என்னாகும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்துகொண்டே இருக்கிறது. பந்தயம் திரும்பி வரவேண்டும் என்பார் சிலர். செலவுக்கேற்ற வரவு இல்லை என்பார் சிலர். இவ்விவாதத்தில் ஈடுபடும் அன்பர்களிற் பெரும்பாலார், சிப்பாங்குக்கு முன் இந்நாட்டில் வேறொரு திடல் இருந்ததையும், அது எவ்வாறு போயிற்று என்பதையும் மறந்தே பேசுகின்றனர். இளைஞரிற் பலர் அதன் பெயரையும் கேட்டதில்லை.

அத்திடல் சுபாங் ஜெயாவுக்கு அடுத்த பத்து தீகாவில் இருந்தது. மலாய் மொழியில் பத்து என்றால் கல், தீகா என்றால் மூன்று. நமது குழந்தைகள் முதல் சொல்லைத் தமிழ் எண்ணாகக் கொண்டு, பத்தும் மூன்றும் பதின்மூன்றா என்று கேட்பதுண்டு. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து இரயில் பாதை போடப்பட்டது. பின்னர் ரப்பர் வந்தது. பாதையின் இருமருங்கும் தோட்டங்கள் எழுந்தன. சீபீல்டு, கிளென்மேரி முதலிய பெயர்களைத் தமது நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு, சேலத்தாரும் திருச்சியாரும் வட ஆர்க்காட்டாரும் அங்கே லயங்களில் குடியேறினர். சிலாங்கூரின் செல்வத்தில் பெரும்பகுதி இவர்கள் வெட்டிய மரங்களிலிருந்து வடிந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது.

அந்நாளில் இவ்வட்டாரத்துத் தோட்டச் சாலைகளில் சக்கரத்தின் மேல் ஏறிச் செல்வதற்கே ஒரு சட்டம் இருந்தது. சைக்கிளில் வரும் தொழிலாளி, எதிரே துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும். துரையைக் கண்டால் மட்டுமன்று, கிராணியைக் கண்டாலும் இறங்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியவற்றோடு சைக்கிளைப் பற்றிய இக்கோரிக்கையும் சேர்த்து வைக்கப்பட்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

இக்கட்டுரையை எழுதும் நாமும் தோட்டக் கிராணி வகுப்பைச் சேர்ந்தவரே. ஆங்கிலம் நாலெழுத்துப் படித்ததைக் கொண்டு, தன் இனத்தானையே சைக்கிளிலிருந்து இறக்கி வைத்துப் பார்த்த முன்னோரின் வரிசையில் நாம் வருகிறோம் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. எனினும் சொல்லாமல் விடுவது அதனினும் இழிவு.

நிற்க. மோட்டார்ப் பந்தயத்தின் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் தாம்சன் சாலை என்ற பொதுச் சாலையை அடைத்து 1961 முதல் பந்தயம் நடத்தி வந்தனர். 1962 முதல் சில ஆண்டுகள் அதற்கு மலேசியப் பெரும் பந்தயம் என்றே பெயர் வழங்கிற்று. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. பிரிந்தபின் மலேசியாவுக்கென ஒரு திடல் வேண்டியிருந்தது. 1968இல் பத்து தீகாவில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயச் சாலை போடப்பட்டது. நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. பொதுச் சாலையை நம்பிய தாம்சன் பந்தயம் 1973க்குப் பின் நின்றுபோயிற்று. பத்து தீகா நிலைத்தது.

அந்த 1968ஆம் ஆண்டை நமது மக்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கின்றனர். வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வாண்டில்தான் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று அது விதித்தது. பிறந்த சான்றும் இல்லாமல், விண்ணப்பம் எழுதித் தருவாரும் இல்லாமல், லயத்தில் கிடந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர் பெட்டி கட்டினர். 1970க்குள் கப்பலேறியோர் தொகை அறுபதினாயிரம் வரை இருக்கும் எனக் கணக்கிட்டிருக்கின்றனர். ஓரிடத்தில் புதிய சாலை போடப்பட்டு உலகத்தார் அழைக்கப்படும் அதே காலத்தில், பக்கத்து லயங்களில் பிள்ளைகளின் பெயர் பள்ளிக்கூடத்துப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நேரான தொடர்பு இருப்பதாக நாம் வாதிக்கவில்லை. ஆண்டு ஒன்றாக இருப்பதை மட்டும் குறிக்கிறோம்.

பத்து தீகாவின் நல்ல காலம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. திடல் பின்னர் ஷா ஆலம் திடல் என்று பெயர் மாறிற்று. 1985 டிசம்பர் 1ஆம் தேதி உலகப் பந்தயக் கார்களின் 800 கிலோமீட்டர் ஓட்டம் அங்கே நடந்தது. பெல்ஜிய நாட்டு ஜாக்கி இக்ஸும் ஜெர்மானியராகிய யோகன் மாஸும் போர்ஷ் வண்டியில் வென்றனர். பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தை ஆறு முறை வென்ற இக்ஸ், அவ்வெற்றியோடு உலகப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1991 முதல் 1997 வரை மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம் ஆண்டுதோறும் அங்கே நடந்தது. 1997 ஏப்ரலில் 125 சி.சி. பிரிவில் வென்ற பதினெட்டு வயது இத்தாலிய வாலிபர் வாலண்டினோ ரோஸி, அவ்வாண்டு முடிவில் முதன்முதலாக உலகப் பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் பெற்ற புகழைச் சொல்லவேண்டியதில்லை. பந்தய நாட்களில் எந்திரங்களின் இரைச்சல் பால் மரக் காடுகளைத் தாண்டி லயத்து வாசல் வரை கேட்கும் என்றும், சீட்டு வாங்கக் காசில்லாத பையன்கள் மேட்டில் ஏறி நின்று பார்ப்பார்கள் என்றும், அக்காலத்தில் பையனாக இருந்த ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். வண்டிகளின் நிறத்தைக்கூட அவர் மறக்கவில்லை.

பிறகு சிப்பாங் வந்தது. விமான நிலையத்துக்கு அருகே செம்பனைக் காட்டை அழித்து, ஹெர்மன் தில்கே என்ற ஜெர்மானியர் வரைந்த திட்டப்படி, 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள திடல் 1999 மார்ச்சில் திறக்கப்பட்டது. சர்க்காரின் கவனமும் விளம்பரமும் அத்திக்கிலே சென்றன. பத்து தீகாவுக்கு உலகப் பந்தயம் இல்லை. அதற்குள் அதைச் சுற்றியிருந்த நிலத்தின் விலையோ வானளாவ உயர்ந்திருந்தது. 2003இல் திடல் இடிக்கப்பட்டு வீட்டு மனைகளாயிற்று. இரண்டு திடல் ஒரு வட்டாரத்துக்கு வேண்டாம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும், சாலையின் அடியில் இருந்த மண் சாலையைக் காட்டிலும் அதிக விலை பெற்றதே முதற்காரணம் என்று நாம் நினைக்கிறோம். ஏனெனில் இவ்வட்டாரத்தில் தோட்டங்கள் மறைந்ததும் அதே வழியில்தான்.

சுபாங் ஜெயாவையே பாருங்கள். 1976இல் சீபீல்டு தோட்டத்து நிலத்தில் இந்நகரை எழுப்பத் தொடங்கினர். எழுப்பிய கம்பெனியின் பெயர் யுனைடெட் எஸ்டேட்ஸ் பிராஜெக்ட்ஸ். யு.எஸ்.ஜே. என்று இன்று நாம் விலாசம் எழுதுகிறோமே, அதில் முதலெழுத்து இக்கம்பெனியைக் குறிப்பது. தோட்டம் என்ற சொல் கம்பெனியின் பெயரில் நின்றது. தோட்டத்து மரம் நிற்கவில்லை. 2020 அக்டோபரில் சுபாங் ஜெயா மாநகரமாயிற்று. சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி மட்டும் தோட்டம் என்ற பெயரைச் சுமந்துகொண்டு அங்கே இருக்கிறது. அதில் படிக்கும் சிறுவர் பால் மரத்தைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். அங்குள்ள மாரியம்மன் ஆலயத்தின் நிலத்தைப் பற்றி 2018 நவம்பரில் கலகம் மூண்டு, காயமுற்ற ஒரு தீயணைப்பு வீரர் அடுத்த மாதம் உயிர் நீத்ததை நாடறியும். ஆலயத்துக்காக நம்மவர் எழுப்பிய குரலில் நாலில் ஒரு பங்கு, லயத்து வீடுகள் இடிபட்டபோது எழுந்திருந்தால் நிலைமை எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

குரல் எழாமலே போயிற்று என்று முற்றிலும் சொல்வது நியாயமாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். லயம் லயமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் தவணை வாங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பட்டா சொந்தக் கையில் இருந்தாலொழிய மண்ணில் கால் ஊன்ற முடியாது என்பதைக் கூலிக்காரருக்கு அவர் விளங்க வைத்தார்.

பந்தயத் திடலுக்கும் இது பொருந்தும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோழவரத்தில் போடப்பட்ட விமான ஓடுபாதையில் நெடுங்காலம் பந்தயம் நடத்தினர். கூட்டம் திரண்டு வந்தது. இடம் மட்டும் அவர்களுடையதன்று. ஆகவே அவர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தாமே நிலம் வாங்கித் திடல் அமைத்தனர். 1990இல் அது திறக்கப்பட்டது. இன்றும் அங்கே பந்தயம் நடக்கிறது. கோயம்புத்தூர் கரிவரதன் குறைந்த செலவில் பந்தய வண்டிகளைக் கட்டி இளைஞருக்குக் கொடுத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தது நம்மவர்க்குப் பெரிய நஷ்டம். அத்திடலில் பழகிய கோவை வாலிபர் நாராயண் கார்த்திகேயன் 2005 மார்ச்சில் சிப்பாங்கில் பார்முலா ஒன் வண்டியோட்டிப் பதினொன்றாவதாக வந்தார். இந்தியாவிலிருந்து அப்பந்தயத்துக்கு வந்த முதல்வர் அவரே. தமிழ் பேசும் ஒருவன் அவ்வண்டியில் உட்கார்ந்ததைக் காண மலேசியத் தமிழர் பலர் வெயிலில் நின்றனர். அவ்வாறு ஒருவரை நமது தோட்டப்புறம் ஏன் தரவில்லை என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பர்? பந்தயம் செல்வர் விளையாட்டு என்பது மெய்தான். கார்த்திகேயனும் வசதியுள்ள குடும்பத்தவரே. ஆனால் மெக்கானிக், சக்கரம் மாற்றுவோன், எந்திரம் இழைப்போன் ஆகியோர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளல்லர். நமது பையன்கள் கற்கக்கூடிய தொழில் அங்கே இருந்தது. பத்து தீகா லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது, சிப்பாங் அவ்வாறில்லை.

இப்பொழுது சிப்பாங்குக்கு வருவோம். பார்முலா ஒன் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம் இருக்கிறது. பெரிய பந்தயம் திரும்புமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. அந்நிலம் விளையாட்டுக்கென்றே சட்டப்படி ஒதுக்கப்பட்டு நிற்குமா, விலை ஏறிய ஒருநாள் அதுவும் மனையாகுமா என்பதே கேட்கத் தக்கது. அதனுடன், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏழைப் பையன் ஐந்து வெள்ளி கொடுத்து மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகத்தக்க சிறு திடல் ஒன்றையாவது மாநில சர்க்கார் அமைக்க வேண்டும். அதன் நிலம் எந்தக் கம்பெனியின் பெயரிலும் இருத்தலாகாது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவில் இருந்த சுங்கச் சாவடி 2018 ஜனவரி 1ஆம் தேதி முதல் எடுக்கப்பட்டது. வாரக் கடைசியில் நள்ளிரவுக்கு மேல் அவ்வழியே வர நேர்ந்தால், விளக்கை அணைத்துவிட்டு வண்டியின் மேல் படுத்தவாறு பறக்கும் பையன்களைக் காணலாம். மாட் ரெம்பிட் என்று பத்திரிகைகள் ஏசும் கூட்டத்தில் நமது பிள்ளைகளும் இருக்கின்றனர். சென்ற மாதம் அவ்வாறு ஒரு கூட்டம் நம்மைக் கடந்து சென்றது. பழைய திடல் இருந்த பக்கத்தில் வீடுகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு பையனும் அப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.